நாக்கு மரத்ததா?

தாத்தா வாசலில் பலகை மாட்டியதே இல்லை. செய்யாறில் இறங்கி "வைத்தியர் வீடு" என்றால் திருவோத்தூர் கோயில் பக்கம் கை காட்டுவார்கள். ஆரணியிலிருந்து பட்டு நெய்கிறவர்கள் பஸ் ஏறி வருவார்கள். குழித்தறியில் மிதித்து மிதித்து முழங்கால் போயிருக்கும். தழுதாழை இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார். பெரும்பாலும் அவ்வளவுதான் வைத்தியம்.

2018 ஏப்ரலில், பதிவு பெறாத பரம்பரை வைத்தியர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளத்து வைத்தியர்கள் தொடுத்த வழக்கு. தாத்தாவும் எதிலும் பதிவு செய்தவரில்லை. பேப்பரைப் படித்துக் காட்டினேன்.

"சரியாத்தானே சொல்றாங்க. எவன் எதை அரைச்சுக் குடுக்கறான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்குத்தான் கோபம்.

அந்த வாரம் ஒரு நெசவுக்கார அம்மா வந்தார். முகம் உப்பிப் பளபளவென்று இருந்தது. ஒரு வருஷமாக ஏதோ மூட்டுவலிப் பொடி. பேர் இல்லை, லேபிள் இல்லை. சாப்பிட்ட மறுநாளே வலி போய்விட்டதாம்.

"நாட்டு மருந்து மறுநாளே கேக்காதும்மா. கேட்டுதுன்னா உள்ள இங்கிலீஷ் மாத்திரையை அரைச்சிருக்கான். திடீர்னு நிறுத்திடாத. பொடியையும் எடுத்துக்கினு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பு தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. இதை தாத்தா எங்கே கற்றார் என்று கேட்டிருக்க வேண்டும்.

2020இல் கல்லூரியை மூடி ஊருக்கு அனுப்பினார்கள். மளிகைக்கடையில்கூட கபசுரக் குடிநீர்ப் பொடி தொங்கியது. 15 சரக்குகள் சேர்ந்தது அது. சித்த மருத்துவத்துக்கு இப்படி ஒரு காலம் வந்ததே என்று எனக்கு ஒரே பெருமை. தாத்தா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"நாக்கு மரக்கவே இல்லையே. அக்கரகாரம் போட்டானா இல்லையா?"

நானும் வைத்துப் பார்த்தேன். மரக்கவில்லை.

தாத்தா இப்போது இல்லை. பலகை மாட்டியிருக்கிறேன், பதிவு எண்ணோடு. தழுதாழை பறித்த இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். இலைக்குச் சொல்லி வைத்து வாங்குகிறேன். ஒத்தடத்தில் எத்தனை பேருக்குக் குறைந்தது என்று தாத்தா எழுதி வைத்ததில்லை. "நல்லாச்சுன்னா அவங்களே சொல்லுவாங்க" என்பார். நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். 41 பெயர். அதில் 19 பேர் மூன்றாவது வாரம் வரவில்லை. குணமாகி வரவில்லையா, பேரில்லாத பொடிக்குப் போய்விட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போய்க் கேட்க வேண்டும்.