தாமதம் எங்கே தங்குகிறது?

தோட்டத்துப் பிரட்டுக்களத்தைக் காலையிலே கண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். பெயர் கூப்பிட்டாலன்றி அங்கே எவரும் குரல் கொடுப்பதில்லை. கணனியின் யூ.எஸ்.பி. இணைப்பும் அவ்வாறே அமைந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதனை உருவாக்கிய குழுவில் முன்னின்றவர், குஜராத்தின் வதோதராவிலே கல்வி கற்ற அஜய் பட். அதன் முதல் விதிமுறை 1996 ஆம் ஆண்டு வெளியாயிற்று. நாம் கையிற் பிடிக்கும் சுட்டி தானாக எதையும் அறிவிப்பதில்லை. கணனியினுள் இருக்கும் கட்டுப்படுத்தி என்னும் சில்லு, "ஏதேனும் உண்டா?" என்று கேட்கும்போதுதான் தன் அசைவைச் சொல்லும். இக்கேள்வி செக்கனுக்கு 125 முறை எழுந்தால், இரு கேள்விகளுக்கிடையே 8 மில்லிசெக்கன் கழியும்; 1000 முறை எழுந்தால் ஒரேயொரு மில்லிசெக்கன்.

என் மாணவன் ஒருவன் நமுனுகுல மலைச்சாரல் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். கொழும்பிலே வேலை செய்யும் தமையன் அனுப்பிய பழைய கணனியில் விளையாடுபவன். போட்டிகளில் தன் கை பின்தங்குவதாகவும், கட்டுப்படுத்தி அட்டையொன்று புதிதாக வேண்டுமெனவும் வீட்டில் கேட்டுவிட்டான். கொழுந்து பறிக்கும் தாய் காதுத் தோட்டை அடகு வைக்கத் துணிந்தாள். "புள்ள ஆசைப்படுறான், சேர். வாங்கிக் குடுத்தா சரியாப் போயிருமா?" என்று என்னிடம் வினவினாள்.

அவனும் நானும் சோதித்துப் பார்த்தோம். கமராவும் வன்தட்டும் பொருத்திய ஹப் ஒன்றிலேயே சுட்டியும் செருகப்பட்டிருந்தது. அதனைப் பிரித்துக் கணனியின் பின்புற வாயிலில் நேரே செருகினோம். கேள்வியின் எண்ணிக்கையைக் காட்டும் செயலி 125 என்றே காட்டிற்று. சுட்டியின் அடியிலிருந்த சிறு விசையை அழுத்தியதும் அது 1000 ஆயிற்று! பின்னர் அதே கணனியில் வேறொரு கட்டுப்படுத்தியைச் சேர்ந்த வாயிலிலும் செருகினோம். எண்ணிக்கை மாறவில்லை, அவன் கையும் வேறுபாடு உணரவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. சுட்டிக்கும் விசைப்பலகைக்கும் உரிய நேரத்தைக் கட்டுப்படுத்தி முன்னரே ஒதுக்கி வைக்கிறது. வன்தட்டு போன்றவற்றுக்கு எஞ்சிய நேரமே கிடைக்கும். ஆகவே, பழுதில்லாத கட்டுப்படுத்திகள் இரண்டுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரு மில்லிசெக்கனிலும் சிறு கூறு. செக்கனுக்கு 60 முறை மாறும் திரையோ, ஒவ்வொரு காட்சிக்கும் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன் எடுத்துக்கொள்கிறது. கடல் கடந்த கணனியோடு விளையாடுகையில் செய்தி போய்வரும் காலம் அதனினும் மிகுதி. அட்டை எதுவும் அதனைக் குறைக்க மாட்டாது.

பிள்ளைகள் விரைவை விரும்புவது குற்றமன்று. ஆயினும், பணம் செலவிடுமுன் சுட்டியை நேரே செருகுங்கள், அதன் எண்ணிக்கையைப் பாருங்கள், யூ.எஸ்.பி. வாயில்களை உறங்கவைக்கும் மின்சேமிப்பு ஏற்பாட்டை நிறுத்திப் பாருங்கள். இம்மூன்றுக்கும் ஒரு சதமும் செலவில்லை. எவர் காதுத் தோடும் அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.