தரிப்பிடம் வாகனத்துக்கு மட்டுமா?



நோன்பு மாதம் நெருங்கினால் காத்தான்குடியில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: "வாகனம் விட இடமில்லை." உண்மைதான். ஆனால் நடந்து வருகிறவருக்கும்தான் இடமில்லை. கடை வாசலில் மோட்டார் சைக்கிள், நடைபாதையில் ஆட்டோ, அதற்கு வெளியே கார். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் ஒரு தாய் எங்கே நடப்பது? பிரதான வீதிக்குள் இறங்கி, கல்முனை பஸ்ஸுக்கு முன்னால்தான்.

சென்ற தவணை தரம் 9 பிள்ளைகளுக்குப் பரப்பளவு படிப்பிக்கும்போது, ஒரு வெற்றுக் காணியைத் தரிப்பிடமாக வரையச் சொன்னேன். காருக்கு 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் நான்கு தாராளமாக நிற்கும். பிள்ளைகள் காணி முழுவதையும் கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டார்கள். பின் வாங்கில் இருந்த ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "சேர், காருல இருந்து எறங்கின ஆக்கள் எதால நடந்து போற?"

முழு விசயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கதவைத் திறந்து இறங்கியதும் கார்க்காரரும் பாதசாரிதான்.

ஆகவே நல்ல தரிப்பிடத்தை நடப்பவரை நினைத்தே வரைய வேண்டும். அது கடைகளுக்குப் பின்னால் இருக்கட்டும், முன்பக்கம் நடப்பவர்களுக்கு. அங்கிருந்து கடைவரை சற்று உயர்ந்த, இடையில் அறுந்துபோகாத ஒரு நடைபாதை. சக்கர நாற்காலி ஏறச் சரிவு. பிரதான வீதியின் நடுவில் நிற்கும் பேரீச்சை மரங்கள் நமக்கு அழகு. ஆனால் அவற்றின் நிழல் நடைபாதைக்கு வராது. தரிப்பிடத்தில் நாலைந்து வாகனத்துக்கு ஒரு வேம்பு நட்டால் காரும் சூடேறாது, ஆளும் வாடாது. முழுவதும் தார் போட்டால் மாரியில் குளம்தான். இடைவெளி விட்டுக் கல் பதித்துப் புல் வளர்த்தால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும். இரவில் பெண்கள் பயமில்லாமல் நடக்க வெளிச்சமும் வேண்டும்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் பசடீனா நகரத்துப் பழைய கடைத்தெருவில் 1993இல் தரிப்பிடக் கட்டணம் கொண்டுவந்தார்கள். கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் அதே தெருவுக்கே செலவாகும் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்கள். அந்தப் பணத்தில் நடைபாதை திருத்தினார்கள், மரம் நட்டார்கள், தெருவைத் துப்பரவாக வைத்தார்கள். பாழடைந்து கிடந்த தெருவுக்கு மக்கள் நடந்து பார்க்க வரத் தொடங்கினார்கள். நின்று பார்த்து நடப்பவர்தான் கடைக்குள் ஏறுவார். வேகமாகப் போகும் வாகனம் ஏறாது. இது வியாபாரிகளுக்கும் தெரிந்த கணக்கு.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். முள்ளும் கல்லும் மட்டும்தான் தொல்லையா? நடைபாதையில் நிறுத்திய நம்முடைய வாகனமும் ஒரு முதியவருக்குத் தொல்லைதானே?

பிரதான வீதிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் காணி யாரிடமாவது இருந்தால், மதில் கட்டுவதற்கு முன் அயல் கடைக்காரர்களோடு ஒரு தடவை கதைத்துப் பாருங்கள். உங்கள் யோசனைகளையும் கீழே எழுதுங்கள். இம்முறை இன்ஷா அல்லாஹ், நடக்கிறவருக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கட்டம் போடுவோம்.