ஆறு வயதில் நின்ற பறவை

ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நாளுக்குத் திரும்பி வருவதில் மனிதனுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. காலம் நம்மைக் கேளாமலே ஓடிக்கொண்டிருக்கையில், ஒரு நாளை மட்டும் கையால் பற்றி நிறுத்திவைத்ததுபோல் ஓர் எண்ணம் நமக்கு. நாஞ்சில் நாட்டில் நவம்பர் மாதம் அத்தகைய நாட்களால் நிறைந்தது. இரண்டாம் நாள் கல்லறைத் திருநாள். மழை சற்று ஓய்ந்த மாலைப்பொழுதில், புதிதாய்ச் சுண்ணாம்பு பூசிய கல்லறைகளின்மேல் தோவாளைப் பூக்களையும் மெழுகுவர்த்திகளையும் வைத்து, இறந்த நம் உறவுகளின் பெயர்களை மெல்லச் சொல்லிக்கொள்கிறோம். மாத இறுதியில் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் கொடியேறுகிறது. டிசம்பர் 3 வரை ஊரே திருவிழாக்கோலம் பூணுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே, நவம்பர் 10 என்ற நாளையும் சில ஆண்டுகளாக என் மனத்தின் நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன். திருச்சபை அன்று புனித பெரிய லியோவை நினைவுகூர்கிறது. நான் அவரோடு ஒரு மஞ்சள் நிறப் பறவையையும் நினைவுகூர்கிறேன். வாசிப்போர் நகைக்க வேண்டாம். அந்தப் பறவை எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. முப்பது ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குப் பாடம் சொன்ன எனக்கு, அப்பாடத்தைக் கற்க ஒரு பொம்மை தேவைப்பட்டது.

அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியது. அதன் பிறப்புக்கு வித்திட்டது 1966-இல் நடந்த ஓர் இரவு விருந்து. கார்னகி அறக்கட்டளையைச் சேர்ந்த லாயிட் மோரிசெட் என்பவர், தம் சின்னஞ்சிறு மகள் விடியற்காலையில், நிகழ்ச்சி தொடங்குமுன்பே தொலைக்காட்சித் திரையில் தெரியும் வெறும் கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். இவ்வளவு வசீகரம் உள்ள கருவியைக் கொண்டு எழுத்தும் எண்ணும் கற்பிக்க முடியாதா என்பது அங்கே எழுந்த கேள்வி. அக்கேள்வியைச் செயலாக்கியவர் ஜோன் கான்ஸ் கூனி என்ற பெண்மணி. கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர். இருளைப் பழிப்பதைவிட ஒரு விளக்கை ஏற்றுவது மேல் என்ற கருத்தை முழக்கமாகக் கொண்டு, மக்கள் தொடர்புத் துறைகளில் நல்லோர் நுழைய வேண்டும் என்று வற்புறுத்திய மேரினோல் சபைக் குரு ஜேம்ஸ் கெல்லரின் சிந்தனை இளமையில் தம்மைப் பாதித்ததாகக் கூறியவர். பணக்கார வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் செல்லுமுன்பே பல நூல்களைப் பார்த்துவிடுகிறது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது வாய்ப்பதில்லை, அந்த இடைவெளியைக் குறைக்கவே இந்நிகழ்ச்சி எழுந்தது. அதன் களமும் மாளிகையன்று, நகரத்துச் சாதாரணத் தெரு. கறுப்பரும் வெள்ளையரும் அங்கே அண்டை அயலாராக வாழ்ந்தனர். அதற்காகவே 1970 மே மாதத்தில் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் அதனை ஒளிபரப்ப மறுத்து, எதிர்ப்பு எழுந்தபின் சில வாரங்களில் பணிந்தது.

அத்தெருவில் வாழும் பறவைதான் பிக் பேர்ட். எட்டடி உயரம், ஆறு வயது. எத்தனை ஆண்டுகள் சென்றாலும் ஆறே வயது.

நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு தெரு வாய்க்கவில்லை. சென்னையில் 1975-இல் தொலைக்காட்சி வந்தபோது, குமரி மாவட்டத்தில் நாங்கள் வானொலியோடுதான் இருந்தோம். பிறகு திருவனந்தபுரத்து ஒளிபரப்பு வந்தது. 1985-இல் அது மலையாளம் பேசத் தொடங்கியது. கடலோர ஊர்களில் ஆண்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்து இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்களும் உண்டு. கொடைக்கானல் கோபுரத்தின் வழியாகச் சென்னை நிகழ்ச்சிகள் தெற்கே எட்டியபோது, ‘கண்மணிப் பூங்கா’ என்ற சிறுவர் நிகழ்ச்சியும் வந்தது. எங்கள் பங்கில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது பங்குத்தந்தையின் இல்லத்தில் மட்டுமே. மாலையில் பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் வரிசையாக அமர்ந்து பார்ப்பார்கள். படம் புள்ளிபுள்ளியாய்ச் சிதறும்போது யாரேனும் ஒரு பையன் மொட்டைமாடிக்கு ஏறிக் கம்பத்தைத் திருப்ப, கீழிருந்து மற்றவர்கள் “ஆச்சு, ஆச்சு” என்று கூவுவார்கள். என் மகளும் அக்கூட்டத்தில் ஒருத்தி. அந்தப் பூங்காவுக்கு ஒரு வெள்ளிவிழாவோ பொன்விழாவோ கொண்டாடப்பட்டதை நான் கண்டதில்லை. அதில் பாடிய குழந்தைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கலாம்.

அந்த மகள் செவிலியர் படிப்பு முடித்து, நம் மாவட்டத்துப் பெண்கள் பலரையும்போலக் கடல் கடந்து, அமெரிக்காவில் பணியில் அமர்ந்தாள். 2019 ஜூலையில் என் மனைவி இறைவனடி சேர்ந்தாள். அடக்கச் சடங்குக்கு மகள் மட்டும் வந்து திரும்பினாள். தனியே இருக்க வேண்டாமென்று அக்டோபரில் என்னைத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள்.

அங்கே போனபிறகுதான் ஒன்றை அறிந்தேன். ஆறு வயதுப் பேத்திக்குப் பாட்டி இறந்தது தெரியாது. பாட்டி நாகர்கோவிலில் இருக்கிறாள், விமானத்தில் ஏற இயலாத உடல்நிலை என்று சொல்லிவைத்திருந்தார்கள். “சின்னப் பிள்ளை அப்பா, எப்படிச் சொல்ல? கொஞ்சம் வளரட்டும்” என்றாள் மகள். நானும் இசைந்தேன். இசைந்தது மட்டுமன்று, பாட்டி தோட்டத்துக் கோழிகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று என் பங்குக்கு ஒரு கதையையும் சேர்த்தேன். உடலின் உயிர்ப்பையும் நிலைவாழ்வையும் விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற வாய்தான் அது.

நவம்பர் 17, ஞாயிறு மாலை. செசமி ஸ்ட்ரீட்டின் பொன்விழாச் சிறப்பு நிகழ்ச்சி பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பேத்தி என் மடியருகே அமர்ந்திருந்தாள். பழைய காட்சிகள் வந்தன. அத்தெருவில் முன்பு வாழ்ந்தவர்களாக நடித்தோர் நரைத்த தலையோடும் தளர்ந்த நடையோடும் மீண்டும் வந்து, ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். அவர்களோடு நின்ற பறவை மட்டும் அன்று கண்ட மேனிக்கு அழியாமல் இருந்தது. உண்மையில் பறவையின் உடைக்குள் இருந்த மனிதர் மாறியிருந்தார். 1969 முதல் அதற்கு உயிர் கொடுத்த கேரல் ஸ்பின்னி முந்தைய ஆண்டில் ஓய்வு பெற்றுவிட்டார். பொன்விழா முடிந்து ஒரு மாதத்திற்குள், டிசம்பர் 8 அன்று, 85-ஆம் வயதில் அவர் காலமானார். பொம்மைக்கு முதுமையில்லை, அதைச் சுமந்த தோளுக்கு இருந்தது.

பேத்தி நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்: “பாட்டா, பழைய ஆட்களெல்லாம் வந்திருக்காங்களே. இப்படி ஒரு விழா வச்சா நம்ம பாட்டியும் வருவாளா?”

எனக்கு விடை வரவில்லை. மறைக்கல்வித் தேர்வுக்கு நானே எத்தனையோ வினாத்தாள்கள் எழுதியவன். அவற்றில் எதிலும் இவ்வளவு நேரான கேள்வியை நான் கேட்டதில்லை.

அன்றிரவு மகள் அழுதாள். பின்னர் அவளே ஒரு செய்தி சொன்னாள். குழந்தைகள் மருத்துவப் பிரிவில் உடன் பணியாற்றிய மூத்த செவிலியர் ஒருவர் அவளுக்குச் சொன்னது அது. செசமி ஸ்ட்ரீட்டில் ஹூப்பர் என்ற கடைக்காரர் இருந்தார். தொடக்கம் முதல் அவ்வேடத்தை ஏற்றவர் வில் லீ என்ற நடிகர். அவர் 1982 டிசம்பரில் மாரடைப்பால் இறந்துபோனார். வேறொரு நடிகரைக் கொண்டு இடத்தை நிரப்பியிருக்கலாம். கடைக்காரர் வேறூருக்குக் குடிபோனார் என்று சொல்லியிருக்கலாம். அதாவது, நாங்கள் செய்ததைச் செய்திருக்கலாம். ஆனால் அவர்கள் உளவியல் அறிஞர்களைக் கலந்து, பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பர் 24, நன்றியறிதல் நாளன்று, பெற்றோர் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் வேளை பார்த்து அந்நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று.

மறுநாள் மாலை மூவரும் அதனைக் கணினியில் பார்த்தோம். பறவை தன் நண்பர்கள் எல்லோரையும் படமாக வரைந்து ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. ஒரு படம் எஞ்சுகிறது. அது ஹூப்பருடையது. அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது பறவை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் இறந்துவிட்டார், இறந்தவர் திரும்பி வருவதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். பறவைக்குக் கோபம் வருகிறது, ஏன் இப்படி என்று கேட்கிறது. அவர்களிடம் காரணம் இல்லை. கண்கள் மட்டும் கலங்கியிருக்கின்றன. நிகழ்ச்சியின் இறுதியில் அத்தெருவுக்குப் புதிதாய் ஒரு கைக்குழந்தை வருகிறது.

விண்ணகம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பல சமயத்தார் வீடுகளுக்கும் செல்லும் நிகழ்ச்சியாதலால், அந்த இடத்தை அவர்கள் வேண்டுமென்றே வெற்றிடமாக விட்டுவைத்தார்கள். அதை அவரவர் இல்லம் நிரப்பட்டும் என்பது அவர்கள் எண்ணம். எனக்குச் சுருக்கென்றது அந்த இடத்தில்தான். நம்பிக்கையைச் சொல்லும் உரிமை தமக்கில்லை என்று கருதியவர்கள் உண்மையைச் சொன்னார்கள். நம்பிக்கையைச் சொல்லும் கடமை உள்ள நான் பொய்யைச் சொன்னேன். சாவை மறைப்பவன் உயிர்ப்பை எப்படி அறிவிப்பான்? கல்லறையே இல்லை என்று சொல்லிவிட்டு, கல்லறை வெறுமையாய் இருந்த செய்தியை எவ்வாறு சொல்வது?

பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “பாட்டி செத்துப்போனாள் மக்களே. ஜூலை மாதம். நான் உன்னிடம் பொய் சொன்னேன்.” அவள் அழுதாள், கோழிகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள், மீண்டும் அழுதாள். அழுது தீர்ந்தபின், ஆண்டவர் இலாசரின் கல்லறையருகே நின்று கண்ணீர் விட்டதை அவளுக்குச் சொன்னேன். எழுப்பப் போகிறவரே முதலில் அழுதார் என்பதை அத்தனை ஆண்டு வகுப்புகளில் நான் ஒருநாளும் அழுத்திச் சொன்னதில்லை. மரியாவும் மார்த்தாவும் கேட்ட கேள்விகளுக்குத்தான் நேரம் ஒதுக்கியிருந்தேன்.

மறுநாள் அவள் ஒரு படம் வரைந்தாள். தென்னைமரம், நான்கு கோழிகள், சேலையணிந்த ஓர் உருவம். பாட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்று என் பெட்டியில் வைத்தாள்.

2020 ஜனவரியில் ஊர் திரும்பினேன். ஜூலையில் முதலாம் ஆண்டு நினைவு வந்தது. நம் வழக்கப்படி ஆண்டுத் திருப்பலி, உறவினர், ஊர்ச்சாப்பாடு என்றெல்லாம் எண்ணியிருந்தேன். பெருந்தொற்றின் காரணமாக ஆலயக் கதவுகள் மக்களுக்கு அடைபட்டிருந்தன. வீட்டுத் திருவுருவங்களின் முன்னே அந்தப் படத்தை வைத்து, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, செபமாலை சொன்னேன். அழைப்பிதழும் பந்தலும் இல்லை. ஆயினும் நான் கண்ட ஆண்டு நினைவுகளில் நிறைவானது அதுவே. பறவையின் கூட்டுக்கு மேலே ஹூப்பரின் படம் பல்லாண்டுகள் தொங்கிக்கொண்டிருந்ததாம். அவர் கடையும் இன்றுவரை அவர் பெயரோடுதான் இருக்கிறது.

விழாக்களைப் பற்றி அதன்பின் நிரம்பச் சிந்தித்தேன். யூபிலி என்ற சொல்லை நமக்குத் தந்தது லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம். ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதப்பட வேண்டும், விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும், அடிமை விடுதலையாகித் தன் குடும்பத்தாரிடம் போக வேண்டும். இழந்தவர்களுக்கான ஆண்டு அது. நாமோ அதனை மலர் வெளியிடுவதற்கும் பொன்னாடை போர்த்துவதற்கும் உரியதாக ஆக்கிவிட்டோம். எங்கள் ஆலயப் பொன்விழா மலரில் விளம்பரங்கள் பாதி, பெரியமனிதர் படங்கள் பாதி. அடித்தளத்துக்கு மண் சுமந்த பெண்களில் ஒருத்தியின் பெயரும் இல்லை. அம்மலரின் ஆசிரியர் குழுவில் நானும் இருந்தேன்.

அந்த அமெரிக்க நிகழ்ச்சியும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. 1994-இல் அதன் வெள்ளிவிழாச் சிறப்பு நிகழ்ச்சியில், பேராசை கொண்ட கட்டடக்காரன் ஒருவன் அத்தெருவை இடித்து மாடமாளிகை எழுப்ப வருவதாகக் கதை அமைத்து, எளியோரின் தெரு காக்கப்பட வேண்டும் என்று சொன்னார்கள். ஆனால் 2016 முதல், பணம் நெருக்கியதால், புதிய நிகழ்ச்சிகள் கட்டணத் தொலைக்காட்சியான எச்.பி.ஓ.வில் முதலிலும், ஒன்பது மாதங்கள் கழித்தே பொதுத் தொலைக்காட்சியிலும் வந்தன. பொன்விழாவும் அப்படித்தான். கட்டணம் செலுத்தியவர் வீட்டில் நவம்பர் 9, மற்றவர் வீட்டில் நவம்பர் 17. ஏழைப் பிள்ளைக்காகப் பிறந்த நிகழ்ச்சியின் யூபிலிக் கொம்பு ஏழையின் செவிக்கு எட்டு நாள் தாமதமாகவே எட்டியது. 2025 நவம்பர் 10 முதல் நெட்ஃபிளிக்சிலும் பொதுத் தொலைக்காட்சியிலும் ஒரே நாளில் வரும்படி செய்தார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். திருச்சபை எதிர்நோக்கின் யூபிலியைக் கொண்டாடிய ஆண்டும் அதுவே.

விழா எடுப்பவர் எவராயினும் அவரிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு என்று இப்போது எண்ணுகிறேன். இங்கே யார் இல்லை? வராதவர் யார், வர முடியாதவர் யார், அவர் பெயரை நாம் சொன்னோமா? திருப்பலியில் குரு இறந்தோரை நினைவுகூரும் அந்தச் சிறு மௌனத்தில் திருச்சபை நாள்தோறும் இதைத்தான் கேட்கிறது. மேசை நிறைந்திருக்கும்போதும் வெற்றிருக்கையை அது மறப்பதில்லை.

பேத்தி வளர்ந்துவிட்டாள். இப்போது அப்பறவையைவிட அவள் மூத்தவள். கல்லறைத் திருநாளன்று அலைபேசியில் முகம் காட்டுவாள். நான் அதைக் கல்லறைக்கு நேரே திருப்பிப் பிடிப்பேன். காற்றில் சுடர் அணையாதபடி மறுகையால் மறைத்துக்கொள்வேன். சென்ற ஆண்டு அவள் கேட்டாள்: “பாட்டா, நான் வரைந்த படம் பாட்டிக்குக் கிடைத்திருக்குமா?”

“கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன் மக்களே” என்றேன். இம்முறை நான் பொய் சொல்லவில்லை.