எத்தனை போத்தல் காணும்?

ஆவணி பிறந்தால் கிளிநொச்சி மண்டபங்களில் நாள் கிடைக்காது. ஆடியில் தள்ளிப்போன கலியாணங்களும், கனடா, லண்டனிலிருந்து பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடுகளின் கலியாணங்களும் ஒன்றாய்க் கூடிவிடும். சமையலும் குடிபானமும் பொறுப்பெடுத்துச் செய்கிற எனக்கு அதுதான் ஓய்வில்லாத மாதம். அப்படி வந்த ஒரு மாப்பிள்ளை கேட்டார்: "அண்ணை, அறுநூறு பேருக்கு வைன் எத்தனை போத்தல் காணும்?"

750 மில்லிலீற்றர் போத்தலில் 150 மில்லிலீற்றர் படி ஐந்து கிளாஸ் வார்க்கலாம். ஆளுக்கு ஒன்றென்றாலே 120 போத்தல். "தம்பி, மணவறை இருக்கிற இடத்தில அது வேண்டாம், பெரியாக்களின்ர மனம் கோணும். வாசலில நெல்லிக் கிறஷ் குடுப்பம்" என்றேன். முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்க வீடுகளில் கேக் வெட்டி வைன் கொடுக்கிற வழக்கம் உண்டு. அங்கேயும் சின்னக் கிளாஸில் ஒரு மிடறுதான்.

நெல்லிக் கிறஷுக்கு நான் ஒன்றுக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்ப்பேன். அதே அளவு போத்தல் ஒன்றில் 25 கப் வரும். அறுநூறு பேருக்கு 24 போத்தல். இது கடதாசிக் கணக்கு. உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எங்கள் பக்கம் அழைப்பிதழுக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. 'குடும்ப சமேதராய்' என்று அச்சடித்தால் குடும்பமாகத்தான் வருவார்கள், அதுதான் சந்தோசம். அதனால் எத்தனை காட் அடித்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. எந்தெந்த ஊருக்குச் சொன்னீர்கள், அவர்கள் எதில் வருகிறார்கள் என்று கேட்பேன். உள்ளூர்ச் சனம் மோட்டார்சைக்கிளில் இரண்டு மூன்று பேராக வரும். வாசலில் நெரிசல் இல்லை. முள்ளியவளையிலிருந்து வாடகை பஸ் பிடித்து, பரந்தன் வீதியால் வருகிறவர்கள் ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், ஒரே தாகத்தோடு. அந்த ஐந்து நிமிடத்தில் கப் கைக்கு வராவிட்டால், உள்ளே பத்துப் போத்தல் மிஞ்சி நின்றும் பயனில்லை. பஸ் திரும்பும்போதே மூன்று தட்டத்தில் இருபது இருபதாக வார்த்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது வெய்யில். சோழகம் அடிக்கிற நாளில் பிள்ளைகள் இரண்டாவது கப்புக்குக் கட்டாயம் வருவார்கள். 24 என்றதை 30 ஆக்குவேன். தை மாதத்துக் காலை முகூர்த்தம் என்றால் 18 போதும், ஆனால் பால் தேத்தண்ணிக்கு அடுப்பு ஒன்று கூடுதலாக மூட்ட வேண்டும்.

தண்ணீரில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் காவி படியும் கடினத் தண்ணீர். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்ப் பயமும் உண்டு. எந்தத் தண்ணீர் என்று விருந்தினர் கேட்பது நியாயம். சுத்திகரித்த தண்ணீரை முதல் நாளே இறக்கிவிடுவேன். ஐஸ் கட்டியைப் பானத்துக்குள் போடமாட்டேன். இங்கே கிடைக்கிற பெரிய ஐஸ் கட்டிகள் பெரும்பாலும் மீனுக்குப் போடுகிறவை. அகன்ற தொட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, உப்பு விசிறி, நடுவில் பானை வைத்துச் சுற்றிவர இறுக்கினால் பானம் அரைமணியில் குளிர்ந்துவிடும். சுவையும் நீர்த்துப்போகாது. கலக்கியதும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். நெல்லியின் துவர்ப்பு முன்னுக்கு வந்து, இனிப்புப் பின்னால் நிற்க வேண்டும்.

ஒரு பானைக்கு மேல் ஒருமுறையில் கலக்குவதில்லை. மூடி திறக்காத போத்தலைத் திருப்பி எடுப்பதாகக் கடைக்காரரோடு முன்பே பேசிவிடுவேன். அதனால் ஆறு போத்தல் கூட வாங்க வீட்டுக்காரர் தயங்குவதில்லை. தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கிய பிறகும் ஒரு பானையை நிறைத்தே வைத்திருப்பேன். சமையல்கட்டில் நிற்கிற பெண்களும் பஸ் சாரதிகளும் அப்போதுதான் குடிக்க வருவார்கள்.