மேல்மாடி அன்ரியும் நாடு கடத்தலும்

1998ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். நாங்கள் லண்டனுக்கு வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வாசற்கதவுத் துவாரத்தால் கடிதம் விழும் சத்தம் கேட்டாலே நெஞ்சு இடிக்கும். அந்த நாட்களில் தொலைக்காட்சிச் செய்தியில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அகராதியைப் புரட்டினோம். 'நாடு கடத்தல்' என்றிருந்தது. அன்றிரவு சமைத்த சோறு சட்டியிலேயே கிடந்தது.

அடுத்த நாள் மேல்மாடியில் இருந்த சிலி நாட்டு அன்ரி சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் மூத்தவள் அரைகுறையாக மொழிபெயர்க்க, விசயம் மெல்ல விளங்கியது. 1973 செப்டெம்பர் 11இல் சிலியின் ஆட்சியைப் பறித்து, 1990 வரை அந்த நாட்டை ஆண்ட ஜெனரல் பினோசே, முதுகுச் சிகிச்சைக்காக லண்டன் வந்திருந்தார். ஸ்பெயின் நாட்டு நீதிபதி பல்தசார் கார்சோன் அனுப்பிய வேண்டுகோளின்பேரில், ஒக்டோபர் 16 இரவு வைத்தியசாலைக் கட்டிலிலேயே பொலிசார் அவரைக் கைது செய்துவிட்டார்கள். அன்ரியின் அண்ணனை 1974இல் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமற்போனவர்களும் 3,000 பேருக்கு மேல்.

எங்கள் பயத்தைச் சொன்னதும் அன்ரி தலையில் கை வைத்தார். எங்களைப் போன்றோரை விசா இல்லையென்று அனுப்புவது வேறு, குற்றவாளியை வழக்குக்காக ஒப்படைப்பது வேறு என்றார். நம்மவர் இரண்டையும் 'நாடு கடத்தல்' என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். முதலாவது குடிவரவு அதிகாரிகளின் வேலை. இரண்டாவதில், தேடும் நாட்டுப் பொலிஸ் நேரே வந்து ஒருவரைப் பிடிக்க முடியாது. வேண்டுகோள்தான் அனுப்பலாம். ஆள் இருக்கும் நாட்டுப் பொலிஸ்தான் கைது செய்யும். அந்த நாட்டு நீதிமன்றம்தான் விசாரிக்கும்.

அதன்பின் அந்த வழக்கை எங்கள் வழக்குப் போலவே பார்த்தோம். முன்னாள் அரசுத் தலைவர் என்பதால் பினோசேயைத் தொட முடியாது என்பது அவரது சட்டத்தரணிகளின் வாதம். நவம்பர் 25ஆம் திகதி, அவருடைய 83ஆவது பிறந்தநாளன்று, பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளினார்கள். அன்ரி ஒரு பெரிய கேக்கோடு வந்தார். ஆனால் அந்த நீதிபதிகளில் ஒருவருக்கு, வழக்கில் சேர்ந்திருந்த சர்வதேச மன்னிப்புச் சபையோடு தொடர்பு இருந்ததை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று, டிசம்பரில் அந்தத் தீர்ப்பே ரத்தாயிற்று. இப்படிப்பட்ட மனிதருக்கும் இவ்வளவு நியாயமா என்று எங்களுக்குக் கோபம் வந்தது.

1999 மார்ச் 24இல் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் மறுபடியும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். சித்திரவதைக்கு அரசுத் தலைவர் என்ற கவசம் கிடையாது என்றார்கள். ஆனால் பிரித்தானியா சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தை ஏற்ற 1988 டிசம்பர் 8க்குப் பிந்திய குற்றங்களுக்கு மட்டுமே என்றும் சொன்னார்கள். ஊரெல்லாம் அதை வெற்றி என்றது. அன்ரி மட்டும் படியில் உட்கார்ந்து, "என் அண்ணனுடையது எழுபத்துநான்கு" என்றார். எங்களுக்குச் சொல்ல வார்த்தை இல்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தோம்.

2000ஆம் ஆண்டு மார்ச் 2இல், உடல்நலம் விசாரணைக்கு ஏற்றதல்ல என்று உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரோ பினோசேயை விடுவித்தார். 503 நாள் தடுத்து வைக்கப்பட்டவர், சந்தியாகோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடந்ததைத் தொலைக்காட்சியில் கண்டோம். மேல்மாடிக் கதவு இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் இறங்கி வந்த அன்ரி சொன்னதை இன்றும் மறக்கவில்லை. "அவர் இனி எந்த நாட்டுக்கும் பயமில்லாமல் போக மாட்டார்" என்றார். அவருடைய நாட்டு நீதிமன்றங்களும் விழித்துக்கொண்டன. பினோசே தண்டனை பெறாமலே 2006 டிசம்பர் 10இல் இறந்தார். ஆனால் அவருடைய இரகசியப் பொலிசின் தலைவராயிருந்த மனுவேல் கொன்ட்ரேராஸ், மொத்தம் 500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனைகளோடு 2015இல் கைதியாகவே இறந்தார்.

அன்று நாங்கள் கோபப்பட்ட அந்த நியாயம் எங்களுக்கும் வேண்டியது என்பது பிறகுதான் விளங்கியது. இனம், மதம், அரசியல் கருத்துக் காரணமாகத் தண்டிக்கத்தான் ஒரு நாடு ஆளைக் கேட்கிறது என்றால், 2003ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டப்படி நீதிபதி மறுக்க வேண்டும். கேட்டவுடன் பிடித்துக் கொடுக்கும் சட்டமென்றால் ஜெனரல்களுக்கு முன் அகதிகள்தான் அகப்படுவார்கள்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். அன்ரியிடம் ஒரு பழைய பிஸ்கற் பெட்டி இருந்தது. அண்ணனைக் கொண்டுபோன நாள், நேரம், வாகனத்தின் நிறம், பார்த்தவர்களின் பெயர் எல்லாம் அதற்குள் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்தபின் நாங்களும் ஒரு கொப்பி வாங்கி, எங்களுக்கு நடந்தவற்றைத் திகதியோடு எழுதினோம். நீங்களும் எழுதி வையுங்கள். திகதி எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தப் படியில் இருந்துதான் நாங்கள் படித்தோம்.