குத்தினால் ஸ்ப்ரூஸ்!

ஊசியிலை மரங்கள் தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக் காடுகளில் ஹெம்லாக், டக்ளஸ் ஃபர், சிட்கா ஸ்ப்ரூஸ் எல்லாம் கலந்தே நிற்கின்றன. இதில் சிட்கா ஸ்ப்ரூஸ் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் கண்ணை விடக் கைதான் உதவும்!

கிளை நுனியை லேசாகப் பிடித்துப் பாருங்கள். சுருக்கென்று குத்தினால் ஸ்ப்ரூஸ். மற்ற இரண்டின் இலைகளும் மென்மையானவை. ஸ்ப்ரூஸ் இலைக்கு நான்கு பக்கம் உண்டு, விரல்களுக்கு நடுவே உருட்டலாம் என்பது பொதுவான பாடம். ஆனால் சிட்கா இதற்கு விதிவிலக்கு. அதன் இலை தட்டையானது, சரியாக உருளாது. இலை உதிர்ந்த குச்சியைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். ஒவ்வொரு இலையும் ஒரு சின்ன முளையின் மேல் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். அடிமரப் பட்டை செதில் செதிலாக உரியும். தொங்கும் காய்களின் செதில்கள் காகிதம் போல மெல்லியவை.

இடமும் ஓர் அடையாளம்தான். அலாஸ்காவில் இருந்து வடக்கு கலிஃபோர்னியா வரை சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு, கடலை ஒட்டிய ஒடுங்கிய பகுதியில்தான் இது இயற்கையாக வளர்கிறது. மழையும் மூடுபனியும் இருந்தால் 90 மீட்டரையும் தாண்டும்.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. கனடாவின் ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தில், யாகூன் ஆற்றங்கரையில் ஒரு சிட்கா ஸ்ப்ரூஸ் தங்க நிறத்தில் நின்றது! வெயில் பட்ட இலைகளில் பச்சையம் நிற்காமல் போன ஒரு மரபணுக் குறைதான் காரணம். 300 வயதைத் தாண்டிய அந்த மரம் ஹைடா மக்களுக்குப் புனிதமானது. ஒரு சிறுவனே மரமாக மாறினான் என்பது அவர்கள் கதை.

1997 ஜனவரியில் கிராண்ட் ஹாட்வின் என்பவர் இரவில் போய் அதன் அடியை அறுத்துவிட்டார். ஓரிரு நாளில் மரம் சாய்ந்தது. காடுகளை வெட்டும் கம்பெனிகளுக்கு எதிரான போராட்டம் என்றார். இத்தனைக்கும் அவர் மர நிறுவனங்களில் வேலை பார்த்தவர், காட்டை நன்றாக அறிந்தவர். அது என்ன மரம் என்று அவருக்குத் தெரியும். அது யாருடைய மரம் என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை. விசாரணைக்கு முன்பே கடலில் படகோடு காணாமல் போனார்.

ஒரே ஆறுதல், அந்த மரத்தில் இருந்து பல வருடங்களுக்கு முன்பே ஒட்டுக்கு எடுத்த கிளைகள் பிழைத்துக்கொண்டன. அந்தக் கன்றுகளின் இலைகளும் தங்க நிறம்தான். தொட்டால் குத்தும்!