ஆறு அச்சில் ஒன்றைக் காணோம்

தீபாவளிக்குச் சிகாமட் கடையொன்றில் வாங்கிய முறுக்கு உரல் பெட்டியில் ‘6 அச்சு’ என்று போட்டிருந்தது. பெக்கோக் வந்து திறந்தால் ஐந்துதான். இல்லாதது நட்சத்திர அச்சு. அதில்லாமல் அம்மா முள்ளு முறுக்கு சுடுவது எப்படி?

கடைக்காரத் தம்பி ரசீதைக் காட்டினார்: “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.” இந்த வரியைப் பார்த்ததும் பலர் திரும்பிவிடுகிறோம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் அதன் விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். ரசீது வரி அதை ரத்து செய்யாது. மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை.

“ஒரு அச்சுக்காகவா அண்ணே?”

“அதற்கும் காசு கொடுத்திருக்கிறேனே தம்பி.”

வேறு பெட்டியைப் பிரித்து எண்ணினார். அதிலும் ஐந்து. மூன்றாவதில்தான் ஆறு இருந்தது.